சாட்சி எழுதுமுன் ஜெபக் குறிப்பேட்டைத் திறவுங்கள்

என் தங்கைக்கு வேலை கிடைத்ததை, "ஜெபித்த ஒரே வாரத்தில்" என்று சபையில் பலமுறை சாட்சியாக, அதாவது தேவன் செய்த நன்மையை மற்றவர்களுக்கு அறிவிக்கும் விதமாக, சொல்லியிருக்கிறேன். பழைய குறிப்பேட்டை ஒருநாள் புரட்டியபோது, முதல் ஜெப விண்ணப்பத்துக்கும் வேலை உத்தரவுக்கும் இடையே ஏழு மாதங்கள் ஓடியிருந்ததைக் கண்டு வெட்கப்பட்டேன். ஞாபகம் காத்திருப்பைச் சுருக்கிவிடுகிறது. ஆகையால் சாட்சி எழுதும் வேலையை, விண்ணப்பத்தை ஏறெடுக்கும் நாளிலேயே தொடங்கிவிட வேண்டும்.

கோடு போட்ட சாதாரண நோட்டு போதும். இடப்பக்கத்தில் தேதியையும், அன்று தியானித்த வேதபகுதியையும், விண்ணப்பத்தையும் எழுதி, வலப்பக்கத்தைப் பதிலுக்காக வெறுமையாக விடுங்கள். "குடும்பத்தை ஆசீர்வதியும்" என்று எழுதினால் பதில் வந்ததா என்பதே பின்னால் தெரியாது; "தம்பியின் கல்லூரிக் கட்டணம், ஜூன் 15க்குள்" என்று எழுதினால் தெரியும். பிரிஸ்டல் நகரில் அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்த ஜார்ஜ் முல்லர், வந்த காணிக்கைகளைத் தேதியோடு பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் வரை குறித்து வைத்தார்.

எழுத உட்காரும்போது 1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தை ஒருமுறை வாசியுங்கள். பிள்ளையில்லாமல் ஜெபித்து மகனைப் பெற்ற அன்னாள், ஆசாரியனாகிய ஏலியிடம் சொல்லும் சாட்சி மூன்றே வசனங்கள்தான் (26 முதல் 28 வரை): இங்கே நின்று விண்ணப்பம்பண்ணினவள் நான், கேட்டது இந்தப் பிள்ளைக்காக, கர்த்தர் தந்தார், அவருக்கே ஒப்புக்கொடுக்கிறேன். எங்கே, எதற்காக, என்ன பதில், அதன்பின் என்ன என்ற நான்கும் அதில் அடங்கிவிடுகின்றன. அதைவிட எனக்கு வியப்பளிப்பது அவள் சொல்லாமல் விட்டது. தன்னை மனமடிவாக்கிய சக்களத்தி பெனின்னாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜெபித்துக்கொண்டிருந்த தன்னைக் குடித்து வெறித்தவள் என்று நினைத்த ஏலியே எதிரில் இருந்தும், அதை நினைவூட்டவில்லை. மாமியார் கொடுமையையோ மேலதிகாரியின் அநியாயத்தையோ விவரிப்பதற்கென்றே எழுதப்பட்டவைபோல் தோன்றும் சாட்சிகள் நம்மிடையே ஏராளம். அவற்றில் தேவன் கடைசிப் பத்தியில்தான் வருகிறார்.

சுகம் கிடைத்ததை எழுதும்போது மருத்துவரையும் மாத்திரையையும் மறைக்காதீர்கள். ஆபரேஷன் நடந்திருந்தால் நடந்தது என்றே எழுதுங்கள். இல்லையென்றால், வாசிக்கும் இன்னொரு நோயாளி மருந்தை நிறுத்திவிடக்கூடும். மற்றவருடைய நோயையும் கடனையும் அவருடைய அனுமதியின்றி எழுதுவது, ஜெபத்தின் பெயரால் நடந்தாலும் புறங்கூறுதலே.

வலப்பக்கம் வெறுமையாகவே நின்றுவிட்ட விண்ணப்பங்களையும், "இல்லை" என்று பதில் வந்தவற்றையும் ஒதுக்கிவிட வேண்டாம். தன் மாம்சத்தில் "முள்" என்று அவர் சொல்லும் உபத்திரவம் நீங்கும்படி அப்போஸ்தலன் பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் அது நீங்காததை 2 கொரிந்தியர் 12 மறைக்கவில்லை. டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல், சிறுமியாக அயர்லாந்தில் இருந்தபோது நீல நிறக் கண்கள் வேண்டுமென்று ஜெபித்துவிட்டு, காலையில் கண்ணாடியில் பழுப்பு நிறக் கண்களையே கண்டு ஏமாந்தார். தமிழ்ப் பெண்களைப் போல் சேலை உடுத்தி அவர்களிடையே நடமாடியபோது, அந்தப் பழுப்புக் கண்களே அவருக்கு உதவின. இத்தகைய சாட்சியை அவசரமாக எழுத முடியாது. ஆண்டுகள் சில போகட்டும்.

எழுதி முடித்தபின், குறிப்பேட்டை அருகில் வைத்து ஒவ்வொரு தேதியையும் சரிபாருங்கள். "உடனே", "அற்புதமாக" என்ற சொற்கள் வரும் இடங்களில் அடிக்கோடிட்டு, அங்கே உண்மையில் எத்தனை நாட்கள் ஆயின என்பதை எண்ணில் எழுதுங்கள். பிறகு, சம்பவத்தை உங்களோடு இருந்து பார்த்த வீட்டார் ஒருவருக்கு அதைச் சத்தமாக வாசித்துக் காட்டி, அவர் திருத்தச் சொல்வதைத் திருத்துங்கள். நான் தங்கையிடம் வாசித்துக் காட்டியபோது, ஏழு மாதமும் போதாது, முந்தைய ஆண்டிலேயே அம்மா தனியே ஜெபிக்கத் தொடங்கியிருந்தார் என்றாள்.