செடானை உயர்த்தியதும் வந்த கிரீச் சத்தம்: என் அனுபவம்

வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் ஸ்பீடு பிரேக்கர் வந்தாலே என் பழைய ஆல் வீல் டிரைவ் செடான் அடி தட்டும். புதுப்பேட்டையில், உயரம் கூட்ட ஸ்பிரிங்கோடு வைக்கும் ஸ்பேசர் துண்டுகள் வாங்கி நான்கு பக்கமும் 20 மி.மீ. உயர்த்தினோம். பின்பக்க ஸ்பிரிங், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஆர்மின் நடுவில் உட்காருவதால் அதே 20 மி.மீ. உயரத்துக்கு அங்கே 12 மி.மீ. ஸ்பேசரே போதுமாக இருந்தது.

தட்டுவது நின்றது. ஆனால் பள்ளத்தில் மெதுவாக இறங்கினால் முன்பக்கம் பழைய மரக்கதவு போல 'கிரீச்' என்றது. ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு) மாற்றினேன், வீல் அலைன்மென்ட் பார்த்தேன், போகவில்லை. மெக்கானிக் அண்ணன் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு) என்றார். அது போனால் வண்டியைத் திருப்பும்போது 'டக் டக்' என்று கேட்கும். இது அப்படி இல்லை. ஐந்து நாள் வீணாகிவிட்டது.

அப்புறம் டார்ச் அடித்து லோயர் ஆர்ம் புஷ்ஷை, அதாவது கீழ் ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் உறையைப் பார்த்தேன். ரப்பர், பிழிந்த துணிபோல முறுக்கி நின்றது! உயர்த்தியபோது சக்கரம் தொங்கிய நிலையிலேயே போல்ட்டை முறுக்கியிருக்கிறோம். வண்டி தரையில் இறங்கியதும் ஆர்ம் மேலே போனது, ரப்பர் பழைய கோணத்திலேயே பிடிபட்டுவிட்டது.

வண்டியை ஷெட்டில் அடியில் நின்று வேலை பார்க்கும் பள்ளத்தின் மேல் நிறுத்தி, நான்கு சக்கரமும் தரையில் இருக்க, முன்னும் பின்னும் எல்லா ஆர்ம் போல்ட்டையும் தளர்த்தினோம். பானெட்டை நாலு முறை அமுக்கி விட்டு, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரென்ச்சில் மறுபடி முறுக்கினோம். அதற்குப் பிறகுதான் கடைசி அலைன்மென்ட். சத்தம் அன்றே நின்றது, அப்பாடா!