வெளிநாட்டு ஆரஞ்சோடு எந்தப் பூச்சி வரும்? இறக்குமதிப் பழத்துக்கான பூச்சி இடர் ஆய்வு, முதன்முறை செய்பவர்களுக்கு

பழம் இறக்குமதி செய்யும் ஒருவருக்குக் கோப்பு தயாரித்துக் கொடுக்க உட்கார்ந்தபோதுதான் பூச்சி இடர் ஆய்வைக் கற்றுக்கொண்டேன்: பழத்தோடு எந்தப் பூச்சி வரும், வந்தால் இங்கே என்ன சேதம், எப்படித் தடுப்பது என்று பார்க்கும் வேலை. முறைப்படியான ஆய்வு, ஃபரிதாபாத்தில் உள்ள மத்திய அரசின் தாவரப் பாதுகாப்பு இயக்ககத்தின் வேலை. தாவர இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் 2003ஆம் ஆண்டு பிளான்ட் குவாரன்டைன் ஆணையின் அட்டவணைகளில் இல்லாத பழம், அந்த ஆய்வு முடியாமல் உள்ளே வராது. ஆனாலும் விண்ணப்பிக்கும் முன் நாமே ஒருமுறை செய்து பார்த்தால் எந்த இடத்தில் கேள்வி வரும் என்று புரிந்துவிடும்.

பழகுவதற்கு, ஏற்கெனவே அனுமதி உள்ள பழத்தை எடுங்கள். நான் எடுத்தது தென்னாப்பிரிக்க ஆரஞ்சு. உங்கள் ஆய்வை முடித்துவிட்டு, ஆணையின் 6ஆம் அட்டவணையில் அதற்கு என்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டவணையை முதலிலேயே திறக்க வேண்டாம். திறந்தால் மனம் அந்தப் பூச்சிகளையே சுற்றிக்கொண்டிருக்கும்.

படி 1: பட்டியல்

அந்த நாட்டில் அந்தப் பயிரைத் தாக்கும் பூச்சி, நோய் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஐரோப்பிய-மத்தியதரைத் தாவரப் பாதுகாப்பு அமைப்பின் தரவுத்தளம் இலவசம். அதிலிருந்து தொடங்குவதே நல்லது. இதற்கென்று தனி மென்பொருள் வேண்டாம், எக்செல் தாள் போதும். ஒவ்வொரு வரியிலும் ஆதாரத்துக்கு ஒரு கட்டம் கட்டாயம் இருக்கட்டும்.

படி 2: நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதா?

நான் இடறிய இடம் இது. சர்வதேச வரையறைப்படி குவாரன்டைன் பூச்சி என்றால், பொருளாதாரச் சேதம் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்; அதோடு நம் நாட்டில் இல்லாததாக இருக்க வேண்டும், அல்லது சில இடங்களில் மட்டும் இருந்து அரசு கட்டுப்படுத்திக்கொண்டிருப்பதாக இருக்க வேண்டும். படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. என் பட்டியலில் பாக்ட்ரோசெரா இன்வேடென்ஸ் என்ற பழ ஈ இருந்தது. ஆப்பிரிக்காவில் பரவிய ஈ, இந்தியாவில் இருப்பதாக நான் படித்த கட்டுரைகளில் இல்லை. குவாரன்டைன் பூச்சி என்று முடிவுகட்டி, மூன்று நாள் உட்கார்ந்து அதற்குப் பக்கம் பக்கமாக எழுதினேன்.

அது நம் மாந்தோப்பு ஈதான்! 2005இல் தனி இனமாகப் பெயர் வைத்தார்கள். 2015இல் பாக்ட்ரோசெரா டார்சாலிஸும் அதுவும் ஒரே இனம் என்று சேர்த்துவிட்டார்கள். நம் மாம்பழத்தைத் துளைத்து முட்டையிடும் அதே டார்சாலிஸ். நான் படித்த கட்டுரைகள் 2015க்கு முந்தையவை. அதனால் அறிவியல் பெயருக்குப் பக்கத்திலேயே 'பழைய பெயர்கள்' என்று ஒரு கட்டம் போட்டு, 'இங்கே இல்லை' என்று எழுதும் முன் ஒவ்வொரு பழைய பெயரையும் தேடிவிடுங்கள்.

இதே ஈ ஐரோப்பாவுக்குக் குவாரன்டைன் பூச்சி. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்தையும் பாகல், புடலை, கத்தரியையும் நிறுத்தி வைத்ததற்குப் பழ ஈக்களும் ஒரு முக்கியக் காரணம். யாருடைய எல்லைக்காக எழுதுகிறோம் என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதிவையுங்கள்.

படி 3: பழத்தோடு வருமா?

மரத்தைத் தாக்குவதெல்லாம் பழத்தோடு கப்பல் ஏறாது. தண்டு துளைப்பான், வேர்ப்புழு எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். கடைசியில் என் தாளில் முக்கியமாக நின்றவை இரண்டு: மத்தியதரைக்கடல் பழ ஈயான செராடிடிஸ் கேபிடேட்டா, தாமாட்டோடிபியா லியூகோட்ரெட்டா என்ற அந்துப்பூச்சி. இரண்டின் புழுவும் பழத்துக்குள்ளேயே வளரும். இரண்டும் இந்தியாவில் இல்லை.

படி 4: வருவது வேறு, நிலைப்பது வேறு

நுழைவு, நிலைகொள்ளல், பரவல் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். புதிதாகச் செய்பவர்கள் நுழைவோடு நின்றுவிடுகிறார்கள். புழு இருக்கும் பழம் கோயம்பேட்டில் அழுகி, குப்பையில் விழுகிறது என்று வையுங்கள். புழு மண்ணுக்குப் போய்க் கூட்டுப்புழுவாக வேண்டும். வெளிவரும் ஈக்கு ஜோடி கிடைக்க வேண்டும், பக்கத்தில் ஒரு கொய்யா மரமாவது இருக்க வேண்டும். நம் ஊரில் கொய்யா இல்லாத தெரு எது?

சேதத்தை ஆரஞ்சோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த அந்துப்பூச்சி பருத்தி, குடைமிளகாய், மாதுளை எல்லாவற்றிலும் ஏறும். பருத்தி விவசாயியையும் கணக்கில் சேர்க்காத ஆய்வு அரைகுறைதான்.

மதிப்பீட்டுக்கு எண்களை விட 'அதிகம், நடுத்தரம், குறைவு' என்ற சொற்களே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். 7க்கு 3 என்று போட்டால் அந்த 3 எங்கிருந்து வந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

படி 5: என்ன நிபந்தனை கேட்கலாம்?

தோலுக்கு அடியில் இட்ட முட்டை துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இங்கே பரிசோதனை மட்டும் போதாது. பூச்சியில்லாப் பகுதியிலிருந்து வந்த பழம், அல்லது குளிர் சிகிச்சை. ஆரஞ்சில் மத்தியதரைக்கடல் ஈக்கு, பழத்தின் உட்பகுதி 2 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே 16 நாள் இடைவிடாமல் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தரத்தில் உள்ள ஒரு முறை. அந்துப்பூச்சி இன்னும் அதிகக் குளிரைத் தாங்கும். இரண்டும் இருந்தால், தாங்கும் சக்தி அதிகமுள்ள பூச்சியை வைத்தே நாளையும் வெப்பநிலையையும் முடிவு செய்யுங்கள்.

பின்சேர்க்கை

படித்த ஒருவர் கேட்டார்: "காம்பும் இலையுமாக வரும் சின்ன ஆரஞ்சுக்கும் இதே பட்டியல் போதுமா?" போதாது. படி 3இல் இலைப்பூச்சி என்று நான் அடித்த ஆப்பிரிக்க சைலிட் என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி (அறிவியல் பெயர் ட்ரையோசா எரிட்ரியே) திரும்பப் பட்டியலுக்குள் வந்துவிடும். அது எலுமிச்சைக் குடும்ப மரங்களில் பசுமை நோயைப் பரப்பும் பூச்சி, இந்தியாவில் இல்லை. அதனால் தாளின் முதல் வரியிலேயே பழம் எந்த நிலையில் வருகிறது என்று எழுதிவிடுங்கள்: இலை இல்லாமல், காம்பு வெட்டி, கழுவி, மெழுகு பூசி. கேட்டவருக்கு நன்றி, என் தாளையும் திருத்திவிட்டேன்.