ஓக் இலை செதுக்கிய தோல் முன்கைக் காப்பு: ஒரு ஜோடி செய்யும் முறை

அம்பை விட்டதும் நாண் சீறிவந்து இடது முன்கையில் அடிக்கும். அந்த அடியைத் தாங்கக் கட்டியதுதான் ஆங்கிலத்தில் பிரேசர் எனப்படும் தோல் காப்பு. 1545இல் மூழ்கி 1982இல் கடலடியிலிருந்து எடுக்கப்பட்ட மேரி ரோஸ் போர்க்கப்பலில் இத்தகைய காப்புகள் இருபதுக்கும் மேல் கிடைத்தன. சிலவற்றின் தோலில் அரச சின்னம் அழுத்தப்பட்டிருந்தது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஒரு காப்பில் ஓக் இலைகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. தமிழிலும் இதற்குச் சொல் உண்டு: உடும்பைக் குறிக்கும் ‘கோதை’ என்ற சொல்லே வில்லாளியின் கைத்தோற்கட்டியையும் குறிக்கும்.

இப்போது பொழுதுபோக்காகச் செய்பவர்கள் பெரும்பாலும் முன்கை முழுவதையும் மூடி, கயிற்றால் இறுக்கும் வகையைத்தான் செய்கிறார்கள். மத்தியகால வேடங்களுக்கும், கதைப் பாத்திரம் போல உடுத்தும் காஸ்ப்ளேவுக்கும் அதுதான் பொருந்தும். இங்கே சொல்வதும் அந்த வகைதான், ஓக் இலை வேலைப்பாட்டுடன். ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வேலை கெடுவதற்குக் கருவியைவிட ஈரம்தான் அதிகம் காரணமாகிறது. தோலில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிட்டால், சாதாரணக் கருவியிலும் நல்ல வேலை வரும்.

தோல்

மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல்தான் வேண்டும். குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோலில் அச்சு நிற்காது. அடித்த அடையாளம் சற்று நேரத்தில் ரப்பர் போல எழும்பிவிடும். கடையிலேயே இரண்டு சோதனைகள் செய்து பார்க்கலாம். வெட்டு விளிம்பைப் பாருங்கள்: நடுவில் நீலச்சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோம், பட்டைத் தோல் உள்ளே வரை வெளிர்பழுப்பாக இருக்கும். அடுத்து மேல்முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பூச்சு இல்லாத பட்டைத் தோல் உடனே உறிஞ்சிக் கறுக்கும். தண்ணீர் முத்தாக நின்றால் மேலே பூச்சு இருக்கிறது என்று பொருள். பட்டைத் தோலாகவே இருந்தாலும் அது செதுக்கலுக்கு ஆகாது.

தடிமன் 3 மி.மீ. 2 மி.மீ.க்குக் கீழே போனால் புடைப்பு வராது, கத்தி மறுபக்கம் வந்துவிடும். 4 மி.மீ.க்கு மேல் போனால் கையைச் சுற்றி வளையாது. வெளிநாட்டுத் தோல்களில் அவுன்ஸ் கணக்கு இருக்கும்: 1 அவுன்ஸ் ஏறத்தாழ 0.4 மி.மீ.; ஆகவே 7-8 அவுன்ஸ் கேளுங்கள். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையில் தொடங்கிய ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலுக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஆனால் அந்த வகையில் வரும் ஆட்டுத்தோலும் கன்றுத்தோலும் இந்த வேலைக்கு மெல்லியவை. சென்னை பெரியமேட்டுத் தோல் கடைகளில் கேட்கும்போது, பட்டையில் பதனிட்ட, சாயமும் பூச்சும் இல்லாத மாட்டுத்தோல் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒரு ஜோடிக்கு 28 x 22 செ.மீ. துண்டுகள் இரண்டு, அதாவது சுமார் 1.3 சதுர அடி. முதுகு அல்லது தோள் பகுதியிலிருந்து 2 சதுர அடி வாங்கினால், மீதியில் பழகிப் பார்க்கலாம். வயிற்றுப் பகுதி விலை குறைவு என்றாலும் வேண்டாம். அது இழுபடும், படம் கோணும்.

அளவு

முஷ்டியை இறுக்கிக்கொண்டு அளக்க வேண்டும். தளர்ந்த கையில் எடுத்த அளவில் செய்த காப்பு, வாள் பிடித்ததும் இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். மணிக்கட்டு மடிப்பிலிருந்து 2 செ.மீ. தள்ளிக் கீழ் விளிம்பு தொடங்கட்டும். முழங்கை மடிப்புக்கு 6 செ.மீ. முன்னால் மேல் விளிம்பு முடியட்டும். பெரும்பாலோருக்கு இடையில் 18 செ.மீ. கிடைக்கும்.

இந்த இரண்டு இடங்களிலும் சுற்றளவு எடுங்கள். மணிக்கட்டுப் பக்கம் 17, முழங்கைப் பக்கம் 26 என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் கயிற்று இடைவெளிக்கு 3 செ.மீ. கழியுங்கள். பிறகு 1 செ.மீ. கூட்டுங்கள். ஏன் கூட்டுவது? தடித்த தோல் வளையும்போது உள்முகம் சுருங்கி வெளிமுகம் நீளும், தடிமனை 3.14ஆல் பெருக்கினால் தேவைப்படும் கூடுதல் நீளம் கிடைக்கும். 3 மி.மீ. தோலுக்கு அது 9.4 மி.மீ. காகிதத்தில் சரியாக இருந்த மாதிரி, தோலில் சின்னதாகிப்போவது இதனால்தான். ஆக, கீழே 15, மேலே 24, உயரம் 18. இதை 3 மி.மீ. ஃபோம் ஷீட்டில் வெட்டிக் கையில் கட்டிப் பார்த்து, மணிக்கட்டை எல்லாப் பக்கமும் மடக்குங்கள். புறங்கையில் விளிம்பு குத்தினால் அங்கே 1 செ.மீ. ஆழத்துக்கு வளைவாகக் குடைந்துவிடுங்கள்.

அந்த மாதிரியைத் திருப்பிப் போட்டுத்தான் இரண்டாவது கையை வரைய வேண்டும். இதை மறந்து இரண்டும் இடது கைக்காக அமைந்துவிடுவது, முதல் ஜோடியில் அடிக்கடி நடக்கும் பிழை. செதுக்கும் படத்தையும் அப்படியே திருப்ப வேண்டும். இலையின் காம்பு எந்தப் பக்கம் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள்: கையைத் தொங்கவிட்டால் பார்ப்பவருக்கு நேராகத் தெரிய, காம்பு மணிக்கட்டுப் பக்கமும் நுனி முழங்கைப் பக்கமும் இருக்க வேண்டும்.

ஈரம்

துண்டுகளை இறுதி அளவுக்கு வெட்டாதீர்கள், சுற்றிலும் 1.5 செ.மீ. விட்டு ரம்பியால் வெட்டுங்கள். சுத்தமான ஸ்பாஞ்சால் முதலில் சதைப்புறமும் (சொரசொரப்பான உட்புறம்) பிறகு மேல்முகமும் ஒரே சீராக நனையுங்கள். திட்டுத்திட்டாக நனைத்தால் கறை நிற்கும். நனைத்ததை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஓர் இரவு வையுங்கள். மறுநாள் வெளியே எடுத்து, மின்விசிறி இல்லாத இடத்தில் தட்டையாகப் போட்டுக் காத்திருங்கள்.

கறுத்த தோல் மெல்ல வெளுத்துவரும். நிறம் ஏறக்குறைய பழையபடி ஆகி, ஆனால் கன்னத்தில் வைத்தால் ‘சில்’லென்று இருக்கும் நேரம்தான் பதம். அந்த நேரத்தில் அடித்தால் தடம் ஆழமாக நிற்கும், அடித்த இடம் கரும்பழுப்பாக மாறும். தடத்தில் தண்ணீர் கசிந்து, ஓரம் மழுங்கி, நிறம் மாறாமல் இருந்தால் ஈரம் அதிகம். கால் மணி நேரம் பொறுங்கள். தடம் வெளிறி ஆழமில்லாமல் விழுந்தால் காய்ந்துவிட்டது. மேலே மட்டும் ஸ்பாஞ்சால் லேசாக ஒற்றி, சில நிமிடம் கழித்துத் தொடருங்கள். நம் கோடையில் அரை மணிக்கு ஒருமுறை ஒற்ற வேண்டிவரும். வேலை செய்யாத பாதியை பிளாஸ்டிக் தாளால் மூடிவையுங்கள்.

பாதியில் நிறுத்த நேர்ந்தால் பையில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். அறை வெப்பத்தில் ஓரிரு நாளுக்கு மேல் ஈரமாகக் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். அந்தக் கறை சாயத்துக்கு மேலும் தெரியும். மற்றொன்று: ஈரத் தோலில் இரும்புத் துகள் பட்டால் பட்டைச் சாற்றிலுள்ள டானினோடு சேர்ந்து கறுப்புப் புள்ளி விழும். அரம் போட்ட மேசையில் இந்த வேலை வேண்டாம்.

செதுக்கல்

நனைக்கும் முன்பே சதைப்புறம் முழுதும் அகலப் பார்சல் டேப் ஒட்ட வேண்டும் என்று பலர் சொல்வார்கள். நனைத்தபின் ஈரத்தில் அது ஒட்டி நிற்காது. பையிலிருந்து எடுத்துப் பதம் வரும் நேரத்தில், புறம் சற்று உலர்ந்ததும் ஒட்டினால் போதும். டேப் இல்லாமல் அடித்தால் தோல் அகலத்தில் விரிந்து, படம் ஓரத்தைத் தொட்டுவிடும்.

கீழே 3 செ.மீ. தடிமன் கிரானைட் பலகை வேண்டும். கிரானைட் கடைகளில் வெட்டித் தள்ளிய துண்டு போதும். அதன் அடியில் ரப்பர் விரிப்பு போட்டால் சத்தம் குறையும். மரப்பலகை அடியை வாங்கிக்கொள்ளும், தடம் ஆழம் வராது.

படத்தை டிரேசிங் ஃபிலிமில் வரைந்து தோல்மேல் வைத்து, மை தீர்ந்த பேனா முனையால் கோடுகளை அழுத்துங்கள். கார்பன் தாளோ மையுள்ள பேனாவோ கூடாது. அந்தக் கோடு போகவே போகாது. முதல் முயற்சிக்கு மூன்று ஓக் இலைகள், இரண்டு கொட்டைகள், சுற்றிலும் ஒரு கரை போதும். கரை இறுதி விளிம்பிலிருந்து 2 செ.மீ. உள்ளே இருக்கட்டும், கயிற்றுத் துளைக்கு இடம் வேண்டும். ஓக் இலையின் ஓரம் உருண்டை மடல்களாக இருப்பதால் கத்திக்கு நல்ல பயிற்சி. கூர்முனை இலைகள் மூலையில் கத்தியைத் தடுமாற வைக்கும்.

தலையில் விரல் வைத்துச் சுழற்றும் ஸ்விவல் கத்தியால் வெட்டுங்கள். கத்தி பக்கவாட்டில் சாயாமல் நிற்க வேண்டும்; ஆழம் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1 மி.மீ. உங்களை நோக்கி இழுங்கள், வளைவில் கையைத் திருப்பாமல் கத்தியைத் திருப்புங்கள். ஒரு கோடு இன்னொன்றைக் கடக்கக் கூடாது. சந்திப்புக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்துங்கள். கடந்தால் வளைக்கும்போது அந்த இடம் வாய் திறக்கும். கத்தி இழுபட்டால் ஈரத்தைக் குறை சொல்லும் முன் மெருகுப் பசை தடவிய அட்டையில் நான்கைந்து முறை தீட்டிப் பாருங்கள். பத்துப் பதினைந்து வெட்டுக்கு ஒருமுறை தீட்டுவது நல்ல பழக்கம்.

புடைப்பைத் தருவது பெவலர், அதாவது முகம் ஒரு பக்கம் சரிந்த அச்சு. அதன் தடித்த விளிம்பை வெட்டுக்குள் வைத்து, சரிவு இலைக்கு வெளிப்பக்கம் சாயும்படி பிடித்து, 400 கிராம் அளவுள்ள கொட்டாப்புளி அல்லது நைலான் சுத்தியலால் அடியுங்கள். இரும்புச் சுத்தியல் அச்சின் தலையைச் சிதைக்கும். ஒவ்வொரு அடிக்கும் அச்சை 1 முதல் 2 மி.மீ. மட்டும் நகர்த்துங்கள், முந்தைய தடத்தின் பாதிக்கு மேல் அடுத்தது விழ வேண்டும். அதிகம் தள்ளினால் படிக்கட்டு போலத் தெரியும். மெதுவான, ஒரே கனமான அடிகள்தான் வழவழப்பைத் தரும். இரண்டு இலைகள் ஒன்றன்மேல் ஒன்று வந்தால், பின்னால் இருக்க வேண்டியதை மட்டும் தாழ்த்துங்கள்.

பிறகு இலையின் நடுவில் பேர் ஷேடர் (பேரிக்காய் வடிவ) அச்சால் பள்ளம், கொட்டையின் கிண்ணத்தில் வட்ட அச்சுகள், கடைசியாக இலைகளுக்கும் கரைக்கும் இடையே பின்னணிப் புள்ளி அச்சு. பின்னணியில் பலமாக அடிக்க வேண்டாம். அங்கே தோல் ஏற்கெனவே அமுங்கி மெலிந்திருக்கிறது. நரம்புக் கோடுகளைக் கத்தியால் இறுதியில் போடுங்கள். கோடு ஆழத்தில் தொடங்கி நுனியில் மறைய வேண்டும். இந்தக் கடைசி வெட்டுகளில்தான் இலைக்கு உயிர் வருகிறது. அவசரப்படாமல் மீதித்தோலில் இருபது முப்பது கோடு போட்டுப் பழகிவிட்டு வாருங்கள்.

வெட்டி வளைத்தல்

டேப்பை உரித்து, ஒரு நாள் தட்டையாக உலரவிட்டு, மாதிரியை வைத்து இறுதி வடிவம் வெட்டுங்கள். இரு நீள ஓரங்களிலும் விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே 4 மி.மீ. துளைகள்: முனைகளில் 1.5 செ.மீ. விட்டு, 2.5 செ.மீ.க்கு ஒன்று, பக்கத்துக்கு ஏழு. துளைக்குப் போடும் உலோக வளையமான ஐலெட்டில், சாதாரண வகையின் கழுத்து 3 மி.மீ. தோலில் மறுபக்கம் எட்டாமல் பிளந்துகொள்ளும். நீளக் கழுத்துள்ளது கிடைக்காவிட்டால் வெறும் துளையே போதும். பட்டைத் தோலில் அது கிழியாது.

விளிம்பு முனைகளை எட்ஜ் பெவலரால் இரு பக்கமும் சீவி, 400 எண் உப்புத்தாளால் தேய்த்து, லேசாக நனைத்து, கட்டித் துணியால் சூடேறும்வரை உரசுங்கள். விளிம்புக்குச் சாயம் போடுவதானால் இந்த உரசலுக்கு முன். தேன்மெழுகோ, சாயம் போடுவதெல்லாம் முடிந்த பிறகுதான். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது.

வளைக்கச் சதைப்புறத்தை மட்டும் நனையுங்கள். மேல்முகம் ஊறினால் செதுக்கல் மழுங்கும். செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி உள்ளே வைத்து, மேலே வழவழப்பான பருத்தித் துணி சுற்றி, அதன்மேல் கிரேப் பேண்டேஜ் கட்டுங்கள். துணி இல்லாமல் கட்டினால் பேண்டேஜின் நெசவு தோலில் பதியும். நிழலில் ஒரு நாள். வெயிலோ ஹேர் டிரையரோ பட்டால் மேல்முகம் வெடிக்கும்; கொதிநீரில் முக்கினால் தோல் சுருங்கி, செதுக்கலும் போகும்.

நிறம்

ஸ்பிரிட் (ஆல்கஹால்) சாயத்தை அதே ஸ்பிரிட்டால் பாதியளவு நீர்க்கச் செய்து, கம்பளித் துண்டால் வட்டமாகத் தேய்த்து இரண்டு மூன்று முறை ஏற்றுங்கள். அடர் சாயம் ஒரே பூச்சில் திட்டாகும். உலர்ந்ததும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுப்பது) ஒரே ஒரு மெல்லிய பூச்சு. அதிகமானால் தோல் தளர்ந்து வளைவு போய்விடும். மறுநாள் அக்ரிலிக் பூச்சு இரண்டு கை பூசி நன்றாக உலரவிட்ட பிறகே ஆன்டிக் பேஸ்ட். அதைப் பள்ளங்களில் அழுத்தித் தடவி, உடனே மேல்பரப்பை உலர்ந்த துணியால் துடைத்தால், வெட்டுகளில் மட்டும் இருள் நின்று இலைகள் எழும்பித் தெரியும். அடியில் பூச்சு இல்லாமல் தடவினால் இலை முழுதும் ஒரே கறுப்பாகும், பிறகு சரிசெய்ய வழியில்லை.

வெள்ளைத் துணியால் உள்ளும் புறமும் உரசிப் பாருங்கள். நிறம் ஒட்டுவது நிற்கும்வரை உரச வேண்டும், இல்லையேல் வியர்வை பட்டதும் சட்டைக் கைக்குப் போகும். உள்முகத்துக்கு ஒரு கை அக்ரிலிக் பூச்சு இதற்காகவும்தான்.

கயிறு ஒரு கைக்கு 160 செ.மீ. வேண்டும், மாட்டுவதற்குத் தளர்த்தும் நீளமும் இதில் அடக்கம். முழங்கைப் பக்கமிருந்து குறுக்காகக் கோத்து மணிக்கட்டில் முடிச்சு வரட்டும், மற்றக் கையால் எட்டிக் கட்டலாம். உதவிக்கு ஆளில்லாமல் அடிக்கடி அணிபவர்களுக்குக் கயிற்றைவிட 15 மி.மீ. வார் மூன்றும் பக்கிளும் பொருத்தம். ரிவெட் பித்தளையாகவோ நிக்கல் பூச்சோ இருக்கட்டும், இரும்பு என்றால் வியர்வையில் சுற்றிலும் கறுத்துவிடும். உண்மையாகவே வில் எய்ய வேண்டுமானால் முழுத் தோல் பரப்பும் முன்கையின் உட்பக்கம் வரவேண்டும். கயிறும் பக்கிளும் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், நாண் செல்லும் வழியில் எதுவும் துருத்தக் கூடாது.