கட்டியால் எலும்பு மென்மையாகும் நோய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ நம்மவர் யாரிடமாவது "உடம்பெல்லாம் எலும்பு வலி" என்று சொல்லிப் பாருங்கள். "வைட்டமின் டி கம்மியா இருக்கும், வாரம் ஒரு அறுபதாயிரம் சாஷே போடுங்க" என்று உடனே வைத்தியம் வரும்; அறுபதாயிரம் யூனிட் வைட்டமின் டி பொடி பாக்கெட்டைத்தான் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். வெயில் எட்டாத வீடு, காலையில் இருட்டோடு கிளம்பி இரவில் திரும்புகிற வேலை என்று வாழ்கிற ஊரில் வைட்டமின் டி குறையாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சிக்கல் எங்கே என்றால், டி அளவு ஏறிய பிறகும் வலி போகாதபோதும் சாஷேயை மட்டும் நீட்டிக்கொண்டே போவதுதான். லோக்கல் ரயிலில் ஏற வலது காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். வாத்து மாதிரி ஆடி ஆடி நடை. விழாமலேயே விலா எலும்பிலும் பாதத்திலும் விரிசல். இப்படிப்பட்டவருக்கு முதலில் பார்க்க வேண்டியது ரத்தத்தில் பாஸ்பரஸ்.

அது குறைய ஒரு அரிய காரணம், தலைப்பில் சொன்ன நோய். உடம்பில் எங்கோ ஒரு சின்னக் கட்டி, சில சமயம் சுண்டைக்காய் அளவுதான், எஃப்.ஜி.எஃப்.23 என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அது சிறுநீரகத்தை பாஸ்பேட்டை (ரத்த ரிப்போர்ட்டில் பாஸ்பரஸ் என்று வருவது இதுதான்) சிறுநீரில் கொட்டச் சொல்கிறது; வைட்டமின் டி வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதையும் தடுக்கிறது. பாஸ்பேட் இல்லாமல் புது எலும்பு இறுகாது. சாஷே மேல் சாஷே போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். இந்த மாதிரி நோயாளியை 1947-இல் மெக்கான்ஸ் என்ற மருத்துவர் முதலில் விவரித்தார். கட்டிதான் காரணம் என்று 1959-இல் பிராடெர் என்ற மருத்துவர் சொன்னார். அரிய நோய்தான். ஆனால் கண்டுபிடித்தால் குணமாக்கக்கூடியது என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ரிப்போர்ட்டைப் படிப்பதில் நடக்கும் தவறுதான் என் கணக்கில் பெரியது. ஃபுல் பாடி செக்கப் தாளில் கால்சியம் 9.2, நார்மல். கிரியாட்டினின் நார்மல். ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற என்சைம் மட்டும் எகிறியிருக்கும். "கல்லீரலாக இருக்கும்" என்று விட்டுவிடுவார்கள். அது எலும்பிலிருந்தும் வரும். பாஸ்பரஸ் என்ற வரியே பல பேக்கேஜ்களில் இருக்காது. இருந்து, 1.6 என்று காட்டினாலும், எல்லார் கண்ணும் கால்சியத்தின் மேலேயே இருக்கும். பெரியவர்களுக்கு சுமார் 2.5 முதல் 4.5 வரை (மி.கி./டெசிலிட்டர்) இருக்க வேண்டியது அது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு பாஸ்பரஸ் மாறும். குறைவாக வந்தால் அன்றே சிறுநீரில் எவ்வளவு பாஸ்பேட் போகிறது என்பதையும் பார்க்கச் சொல்லி, எண்டோகிரைன் (ஹார்மோன்) மருத்துவரிடம் போங்கள். பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையின் எண்டோகிரைன் துறை இந்த நோயைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளே வெளியிட்டிருக்கிறது. வெகுதூரம் அலைய வேண்டியதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள்: ரத்தசோகைக்கு நரம்பில் இரும்பு ஏற்றிக்கொண்டீர்களா, ஹெபடைடிஸ் பி அல்லது எச்.ஐ.வி.க்கு டெனோஃபோவிர் சாப்பிடுகிறீர்களா? சில வகை இரும்பு ஊசிகளும் இந்த மாத்திரையும்கூட பாஸ்பேட்டைக் குறைக்கும்.

டெக்ஸா ஸ்கேனில் எலும்பு அடர்த்தி குறைவு என்று வந்ததும் ஆஸ்டியோபோரோசிஸ் ஊசி போட்டுக்கொள்வது அடுத்த தவறு. மென்மையான எலும்புக்கு அந்த ஊசி தீர்வல்ல. சிலருக்கு கால்சியம் ஆபத்தாக இறங்கிவிடும். வலிக்கு எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதும், "மூட்டு இறுகிப்போச்சு" என்று வலுக்கட்டாயமாக உடற்பயிற்சி செய்ய வைப்பதும் அதே ரகம். விரிசல் விட்ட எலும்பு அது.

எலும்பு ஸ்கேனில் பல இடங்கள் கறுத்துத் தெரிந்ததும் "புற்றுநோய் பரவிவிட்டது" என்று வீடே அழுதுவிடும். அந்தக் கறுப்பு பழைய விரிசல்களாக இருக்கலாம். இந்த நோயைத் தரும் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோயே அல்ல.

கட்டியைத் தேடுவதிலும் ஒரு வழக்கமான தவறு உண்டு. வலிக்கிற இடுப்பை மட்டும் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், கட்டியோ மூக்குப் பக்கத்து சைனஸிலோ, தாடையிலோ, பாதத்திலோ இருக்கும். காலிலும் தலைப் பகுதியிலும் இது அடிக்கடி ஒளிந்திருக்கும். அடைத்துக்கொண்டே இருக்கும் மூக்கு, ஈறில் ஒரு வீக்கம், உள்ளங்காலில் பல வருஷமாக இருக்கும் ஒரு முடிச்சு, "அது சும்மா கொழுப்புக் கட்டி" என்று நீங்களே ஒதுக்கிய எதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த மாதிரிக் கட்டியைத் தேடிக் காட்டும் காலியம்-68 டோட்டாடேட் பெட் ஸ்கேன் இதற்கு நன்றாகப் பயன்படுகிறது. வழக்கமான பெட் ஸ்கேன் பல இடங்களில் நடுத்தொடையோடு நின்றுவிடும். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை, கைகளும் சேர்த்து, எடுக்கச் சொல்லி சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். காசு கட்டுமுன் கேட்டுவிடுவது நல்லது.

அப்புறம், அறுவை சிகிச்சை. கட்டியைச் சுரண்டி எடுத்தால் மிச்சம் தங்கித் திரும்ப வளரலாம். சுற்றிலும் கொஞ்சம் நல்ல திசுவோடு முழுசாக எடுக்கும் மருத்துவர் தேவை. முழுசாகப் போய்விட்டால் சில நாட்களிலேயே பாஸ்பரஸ் ஏறிவிடும். எலும்பு இறுகத்தான் மாதங்கள் ஆகும், அதனால் வலி உடனே போகவில்லையே என்று பதற வேண்டாம். எடுக்க முடியாத இடத்தில் இருந்தால் பாஸ்பேட்டும் கால்சிட்ரியாலும் (வேலை செய்யும் வடிவ வைட்டமின் டி)தான் துணை. பாஸ்பேட்டை ஒரே வேளையில் குடித்துவிடாமல் பல வேளையாகப் பிரித்துக் குடியுங்கள், கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள்; இரண்டும் வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டு வீணாகும். புரோசுமாப் என்ற ஊசியை அமெரிக்கா 2020-இல் இந்த நோய்க்கு அனுமதித்தது, ஆனால் அதன் விலை சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது.

குணமான பிறகும் பழைய ஃபைலை எடைக்குப் போடாதீர்கள். வருஷங்கள் கழித்தும் கட்டி திரும்பலாம் என்பதால், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பாஸ்பரஸை மட்டுமாவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.