மூலங்களின் மடங்கை எண்ணினால் போதும்

இரு மாறிகளில் ஒரு சமபடிப் பல்லுறுப்பியைத் தந்து, எஸ்எல்2 கூட்டத்தின் (துணிகோவை 1 ஆன 2×2 தாயங்களின்) தாக்கத்தில் அது உறுதியானதா என்று கேட்டால், காரணிப்படுத்தி மூலங்களின் மடங்கை, அதாவது ஒவ்வொரு மூலமும் எத்தனை தடவை வருகிறது என்பதை, பாருங்கள். எல்லா மடங்கும் படியின் பாதிக்குக் கீழே என்றால் உறுதியானது. ஒன்று பாதியைத் தாண்டினால் உறுதியற்றது, அதாவது அந்தத் தாக்கத்தால் அதைப் பூச்சியத்துக்கு நெருக்கலாம். மிகப் பெரிய மடங்கு சரியாகப் பாதி என்றால் அரையுறுதி மட்டுமே: பூச்சியத்துக்குப் போகாது, ஆனால் முழு உறுதியும் இல்லை. மற்ற வழி, இந்தத் தாக்கத்தில் மாறாத கோவைகளைக் கணிப்பது. படி 6 என்றால் அந்த மாறாக் கோவைகளின் பிறப்பாக்கிகள் (மற்றவற்றை உருவாக்கும் அடிப்படைக் கோவைகள்) 2, 4, 6, 10, 15 படிகளில் ஐந்து இருக்கின்றன. வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ கணினி இல்லாமல் கொப்பியில் படிக்கும் பிள்ளைக்கு அவற்றைக் கணிப்பது ஒரு நாள் வேலை. மடங்கை எண்ணுவது ஒரு நிமிடம்.

ஏன் என்று அ³ஆ-வில் பாருங்கள். அ-வைத் த-ஆல் பெருக்கி, ஆ-வைத் த-ஆல் வகுத்தால் த²அ³ஆ வரும். த பூச்சியத்தை நெருங்க, முழுதும் பூச்சியமாகிவிடும். அ²ஆ²-இல் த வெட்டுப்பட்டுப் போகும். எங்கள் வன்னியில் நெல் நிறுக்கும் தராசு மாதிரித்தான்: பாரம் எல்லாம் ஒரே தட்டில் இருந்தால் சாயும். கணிதவியலாளர் ஹில்பர்ட் 1893இல் கண்ட இந்த வழியை இன்னொரு கணிதவியலாளர் மம்ஃபோர்ட் 1965இல் பெரிதாக விரித்தார்.

மெய் மூலங்களை மட்டும் எண்ணாதீர்கள். (அ²+ஆ²)²-க்கு மெய் மூலமே இல்லை, ஆனாலும் சிக்கல் மூலங்களின் மடங்கு 2, அதனால் அரையுறுதி மட்டுமே. மூன்று மாறிகள் வந்தால் இந்த எண்ணிக்கை உதவாது. அங்கே எல்லா உறுப்புகளின் பாரத்தையும் (த-வின் அடுக்கையும்), அதுவும் ஒவ்வோர் ஆள்கூற்றுத் தெரிவிலும், பார்த்தே ஆக வேண்டும்.