பல் டாக்டரிடம் போகப் பயமா? பயத்தால் நாம் செய்யும் தவறுகள்

பல்லில் சொத்தை இருப்பது தெரிகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுள்ளென்று இழுக்கிறது. போய்க் காட்ட வேண்டும் என்றும் தெரியும், ஆனால் கால் நகர மறுக்கிறது. இப்படித் தவிப்பவர்கள் ஏராளம். மல்லாந்து படுத்து, வாயைத் திறந்து வைத்து, ஒரு சொல் பேசவும் முடியாத நிலையில் இன்னொருவர் கருவியோடு குனியும்போது உடம்பு பதறுவது இயல்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தப் பயத்திலிருந்து தப்பிக்க நாம் செய்கிற சில காரியங்கள், எதற்குப் பயந்தோமோ அதையே கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றன.

அதில் பெரியது, "வலி வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருப்பது. பல்லின் வெளிப்பூச்சான எனாமலில் நரம்பே கிடையாது. சொத்தை அங்கே இருக்கும்வரை எதுவும் தெரியாது. அடுத்த அடுக்கான டென்டினை எட்டும்போது கூச்சம் தொடங்கும். அதற்கும் உள்ளே, நரம்பும் இரத்தக் குழாய்களும் இருக்கிற பல்கூழைத் தொட்டபிறகுதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் வலி வரும். முதல் இரண்டு கட்டங்களில் பெரும்பாலும் சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைத்தால் போதும். மேலோட்டமான சொத்தைக்குச் சில சமயம் ஊசிகூட வேண்டியிருக்காது. மூன்றாவது கட்டத்தில் பெரும்பாலும் வேர் சிகிச்சை (ரூட் கெனால், அதாவது கெட்டுப்போன பல்கூழை எடுத்துச் சுத்தம் செய்து அடைப்பது), அதையும் தாண்டினால் பல்லைப் பிடுங்குவது.

இதைவிட முக்கியமான ஒன்று பலருக்குத் தெரியாது. அழற்சி கண்ட இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடுவதால், மரத்துப்போகச் செய்யும் மருந்து நரம்புக்குள் சரியாக நுழைய முடியாது. துடித்துக்கொண்டிருக்கும் கீழ்க் கடைவாய்ப்பல்லை மரக்கச் செய்வது பல் மருத்துவர்களுக்கே சவாலான வேலை. பல்லை ஒட்டிக் கூடுதல் ஊசி போட்டு அவர்கள் அதைச் சமாளிக்கிறார்கள், உண்மைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: வலிக்குமே என்று பயந்து தள்ளிப்போட்டவர், வலியை அடக்கக் கடினமான நிலையில்தான் கடைசியில் அந்த நாற்காலியில் போய் உட்காருகிறார். வலி தொடங்கும் முன்பே போகிறவருக்கோ எல்லாம் எளிதாக முடிகிறது.

சில நாள் துடித்த பல் திடீரென்று அமைதியாகிவிட்டால், தானாகச் சரியாகிவிட்டது என்று நிம்மதி அடைவதும் தவறு. பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கும். கிருமித் தொற்று சத்தமில்லாமல் வேர் நுனிக்கு இறங்கிச் சீழ் கட்டத் தொடங்கும். முகமோ தாடைக்கு அடியிலோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் பயத்தை எண்ணிக்கொண்டிருக்க நேரம் இல்லை. உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

வீட்டு வைத்தியத்திலும் ஒரு எல்லை உண்டு. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்து அழுத்தினால் ஈறு வெந்துவிடும். கிராம்பு எண்ணெய் சற்று நேரம் வலியை மந்தமாக்கும், சொத்தையைத் தொடாது. மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கைத் தானாக எடுத்துப் போட்டுக்கொள்வதிலும் பயனில்லை; பல்கூழ் அழற்சியின் வலிக்கு அந்த மருந்து வேலை செய்வதில்லை.

சரி, போவதென்று முடிவு செய்தாயிற்று. அங்கே பயத்தை மறைத்துக்கொண்டு, தைரியசாலிபோல உட்காருவதுதான் அடுத்த பெரிய தவறு. நேரம் வாங்கும்போதே "எனக்குப் பல் சிகிச்சை என்றால் ரொம்பப் பயம்" என்று சொல்லிவிடுங்கள். பயத்தை அளக்கவே ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு படிவம் பல் மருத்துவத்தில் இருக்கிறது. 5 முதல் 25 வரை மதிப்பெண், 19-ஐத் தொட்டால் கடுமையான பயம் என்று கணக்கு. இப்படிப் படிவம் போட்டுக் கேட்கிற அளவுக்கு இது அவர்களுக்குப் பழகிய விஷயம். முதல் நாள் வெறும் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் பேச்சும் மட்டும் போதும் என்று கேட்கலாம். நாள் முழுக்க நினைத்து நினைத்துக் கலங்காமலிருக்கக் காலை நேரத்தையே கேட்டு வாங்குவது நல்லது.

"பயமாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்வதைவிட, எது பயம் என்று பிரித்துச் சொல்லும்போதுதான் வழி பிறக்கிறது. ஊசியென்றால், குத்தும் இடத்தில் முதலில் மரக்கும் ஜெல் தடவி, ஓரிரு நிமிடம் விட்டு, அப்புறம் மருந்தை மெதுவாகச் செலுத்தலாம். வேகமாகச் செலுத்தும்போதுதான் அதிகம் வலிக்கும் என்பதால் "மெதுவாகப் போடுங்கள்" என்று கேட்பதில் தப்பே இல்லை. சத்தமென்றால், அந்தக் கீச்சொலி நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் காற்றுச் சுழலியிலிருந்து வருகிறது. அந்த வேகத்தால்தான் அதிர்வும் வேலை நேரமும் குறைகின்றன. காதில் பாட்டு மாட்டிக்கொள்ளலாம். தொண்டை அடைத்துவிடுமோ என்ற பயமென்றால், நாற்காலியைச் சற்று நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள், மூக்கால் மூச்சு விடுங்கள். பல்லைச் சுற்றி ரப்பர் திரை போட்டால் தண்ணீரோ துணுக்கோ தொண்டைக்குள் இறங்காது. இன்னும் சிலருக்கு வலியைவிட, "இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று திட்டு வாங்குவதுதான் பயம். அதையும் சொல்லலாம். சொன்ன பிறகும் ஏளனம் செய்கிற மருத்துவர் என்றால் வேறொருவரைத் தேடுவதுதான் சரி என்பேன். நம்பிக்கை இல்லாத இடத்தில் வாயைத் திறந்து படுத்திருப்பது பயத்தை இன்னும் ஆழமாக வேரூன்றச் செய்துவிடும்.

வேலை தொடங்கும் முன்பே ஒரு சைகையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: இடது கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளக் கூடாது. கூடுதல் மருந்து போட முடியும். ஆனால் ஒரு வேறுபாட்டை மனதில் வையுங்கள். மரத்த பிறகும் அழுத்தமும் அதிர்வும் தெரியும், குறிப்பாகப் பல்லை எடுக்கும்போது. அது எதிர்பார்க்க வேண்டியதுதான். கூர்மையான வலி வந்தால் கையைத் தூக்குங்கள்.

ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்ததால் "எனக்கு அந்த ஊசி ஒத்துக்காது" என்று முடிவு கட்டி, பல ஆண்டுகள் ஒதுங்கியே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. மருந்து நெடுநேரம் நிற்பதற்காக அதில் பெரும்பாலும் கொஞ்சம் அட்ரினலின் சேர்த்திருப்பார்கள். படபடப்புக்கு அடிக்கடி அதுதான் காரணம். சில நிமிடங்களில் அடங்கிவிடும். உண்மையான ஒவ்வாமை மிக அரிது. போன தடவை என்ன நடந்தது என்று விவரமாகச் சொன்னால், அட்ரினலின் கலக்காத மருந்தையும் அவர்கள் யோசிப்பார்கள்.

பயத்தில் சாப்பிடாமல் போகிறோமே, அதுவும் வேண்டாம். இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் சிகிச்சைக்கு லேசாகச் சாப்பிட்டுப் போவது நல்லது. வெறும் வயிறும் பயமும் சேர்ந்தால் தலைசுற்றி விழ வாய்ப்பு அதிகம். தூக்க மருந்தோ முழு மயக்கமோ திட்டமிட்டிருந்தால் மட்டும், எவ்வளவு நேரம் வயிற்றைக் காயப்போட வேண்டும் என்று அவர்கள் சொன்னபடி நடக்க வேண்டும். தைரியத்துக்காக மது குடித்துவிட்டுப் போவது எந்தச் சிகிச்சைக்கும் ஆபத்து. ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவர்களுக்கு ஒரு பயிற்சி உண்டு: கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கி, முகம் சூடாவதை உணர்ந்ததும் தளர்த்தி, சற்று விட்டு மீண்டும் செய்வது. இரத்த அழுத்தம் சடாரென்று இறங்காமல் இது தடுக்கும். இவர்களுக்கு "உடம்பைத் தளர்த்திக்கொள்" என்ற வழக்கமான அறிவுரை எதிர்ப்பலன் தரலாம்.

நீங்கள் எடுக்கும் மருந்துகளை மறைக்காதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்திவிட்டுப் போகவும் கூடாது.

சிலர் ஒரேயடியாக மயக்கமருந்து கேட்பார்கள். கடுமையான பயத்துக்கு அது நியாயமான வழிதான். அதற்கும் முன் நைட்ரஸ் ஆக்சைடு வாயு இருக்கிறது. மூக்கில் முகமூடி வைத்துச் சுவாசித்தால் மனம் தணியும், நிறுத்தியதும் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். ஆனால் முழு மயக்கம் அந்த ஒரு பல்லின் வேலையை முடித்துத் தருமே தவிர, பயம் அப்படியே காத்திருக்கும். வாசல்படியே ஏற முடியாதவர்கள் மனநல ஆலோசகரிடம் போனால், படிப்படியாகப் பழக்கும் சிகிச்சையில் நல்ல பலன் கிடைக்கிறது.

குழந்தைகளிடம் "சேட்டை பண்ணினால் பல் டாக்டரிடம் ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டவே வேண்டாம். "வலிக்கவே வலிக்காது" என்ற பொய் வாக்குறுதியும் வேண்டாம்.

கடைசியாக, எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு: இவ்வளவு பயத்தையும் தாண்டி வேர் சிகிச்சைக்கு முதல் தடவை போய்விட்டு, வலி நின்றதும் பாதியில் விட்டுவிடுவது. முதல் நாள் வைக்கும் அடைப்பு தற்காலிகமானது. அது தேய்ந்து கசிந்தால் கிருமி மறுபடி உள்ளே போகும். சிகிச்சை முழுதும் முடிந்த கடைவாய்ப்பல்லுக்கும் பெரும்பாலும் கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) வேண்டும், இல்லாவிட்டால் மெல்லும்போது பிளந்துவிடக்கூடும். அதனால் வீட்டுக்குப் போய் யோசிக்கலாம் என்று வராமல், அன்றைக்கே அடுத்த தேதியைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை என்ன செய்யப் போகிறார்கள், எத்தனை முறை வர வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.