வெளிமாநிலப் பிள்ளைக்கு மதிப்பெண் போடுவதற்கு முன்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளை ஒட்டிய பள்ளி எங்களுடையது. ஒடியாவும் இந்தியும் பேசும் பிள்ளைகள் நடுப்பருவத்தில் வந்து சேருவார்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம், சேர்த்துவிடுகிறோம். சிக்கல் தேர்வில்தான்.

எந்த வகுப்புவரை, எந்த மொழியில் படித்தான் என்று முதலில் பெற்றோரிடம் கேளுங்கள். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களைக் காலை மணி அடிக்கும்முன் வாசலிலேயே பிடித்துவிடலாம்.

கணக்குத் தேர்வைப் பிரித்து வையுங்கள். "ஒரு டஜன் பனியன் 960 ரூபாய், 5 பனியன் என்ன விலை?" என்று கேட்கும்முன் 960 ÷ 12 × 5 என எண்களாக மட்டும் கொடுங்கள். 400 என்று எழுதியவன் வாக்கியக் கணக்கில் விழிக்கிறானா? அவசரப்படாதீர்கள். எப்போது வகுப்பது என்று அறிவதும் கணக்குதான். அதே கேள்வியை அவன் மொழியில் ஒருவர் வாசிக்கட்டும். அப்போது விடை வந்தால், குறை தமிழ் வாசிப்பில் மட்டும். அதைப் பதிவேட்டில் தனியாக எழுதுங்கள். வாசிக்க அவன் அக்காவை அழைக்காதீர்கள், கேள்வியோடு விடையும் சேர்ந்து வரும்! அதே மொழி பேசும் வேறொரு பெற்றோர் நல்லது.

'மெல்லக் கற்பவர்' என்று எழுதும்முன் வீட்டு மொழியில் ஒரு கதை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அதிலும் திணறினால்தான் சிறப்புக் கல்வி ஆசிரியரிடம் அனுப்ப வேண்டும்.

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் நம்மூர்ப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இதெல்லாம் தேவைப்படாது. தெருவில் தமிழ் கேட்டே வளர்ந்தவர்கள்.